தேயாத ரப்பர்

டெய்லரம்மா காரை நிறுத்தினால், பின் சீட்டில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய அண்டாவை வைத்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. இது டெய்லரம்மாவே சொன்னது. அவள் கணவரும் அதை ஆமோதித்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டவும், மீதிப் பேருக்கு அவர்களைக் கண்டால் ஒதுங்கவும் கற்றுக்கொடுத்தவர்.

"இருபது வருஷத்துல இப்படி பிரேக் மிதிக்கிற ஒரு கால நான் பார்த்ததே இல்ல" என்று அவர் ஒருநாள் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டாக வேண்டும். கழுத்தைச் சுற்றி டேப் இருக்கும்போது எங்கே ஓடுவது?

"இருபத்தெட்டு வருஷம் தையல் மெஷின் மிதிச்ச கால் இது. நான் சும்மா வெச்சாப் போதும், பெடல் தானா இறங்கும்" என்பாள்.

திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். அதில் தேறிவிட்டால் துணி மூட்டை எடுக்க இனி யார் தயவும் வேண்டாம். "மாஸ்டருக்கு எப்போ ஓய்வு?" என்று வாசலைப் பார்த்துக் கிடக்க வேண்டாம். நாலு மாதமாக அவள் கனவில் மூட்டையும் சாவியும்தான்.

சனிக்கிழமை மதியம் காரிலிருந்து கருகல் வாடை. எதிரே வந்த ஒருவர் தன் வீட்டு அடுப்புதான் என்று நினைத்துத் திரும்பி ஓடினாராம். மாஸ்டர், "பழைய கார்னா வாடை வரத்தான் செய்யும்" என்று மழுப்பினார். டெய்லரம்மா கேட்கவில்லை. வண்டியை நேரே தன் பள்ளித் தோழியின் மெக்கானிக் ஷெட்டுக்கு விட்டாள். அந்தத் தோழியை ஊரே ஸ்பானர் என்றுதான் கூப்பிடும். டெய்லரம்மா பழகுவதற்கென்றே இந்தப் பழைய காரை வாங்கியபோது, மாஸ்டர் உட்காரும் பக்கம் இரண்டாவது பிரேக் பெடலைப் பொருத்திக் கொடுத்தவளும் அவள்தான்.

ஸ்பானர் முன் சக்கரங்களைக் கழற்றினாள். பிரேக் பேட் விரல் நகத்தின் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடிதானடி புதுசு போட்டேன்! மலை இறங்கினியா? யானைய ஏத்தினியா?"

"கடைத்தெருவுக்குப் போய் வர்றேன்டி. அவ்வளவுதான்."

"கிறீச்சுன்னு சத்தம்?"

"வந்தது. இவர் ரேடியோவப் பெருசா வெச்சாரு."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நிறுத்தறப்ப ஸ்டியரிங் உதறுதா? ஒரு பக்கமா இழுக்குதா?"

"உதறும். இழுக்காது. ஆனா பெடல் தானா இறங்கும்."

ஸ்பானர் நிமிர்ந்தாள். "தானா இறங்குதா? பிரேக் ஆயில் ஒழுகினா அப்படி ஆகும்." ஆயில் டப்பாவைப் பார்த்தாள், பேட் தேய்ந்த அளவுக்குத்தான் குறைந்திருந்தது. குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்த்தாள், ஈரமில்லை. பெடலை ஒரு நிமிடம் அழுத்தி மிதித்தபடி இருந்தாள், மயிரிழைகூட இறங்கவில்லை. சக்கரம் ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சுற்றிவிட்டாள். ராட்டினம் மாதிரி சுற்றியது.

பிறகு டார்ச்சோடு காருக்குள் தலையை விட்டவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இங்க வாடி" என்றாள். குரலில் கிண்டல் போயிருந்தது.

டெய்லரம்மாவின் பிரேக் பெடலில் நாலு மாதம் முன்பு போட்ட ரப்பர் வரிவரியாகப் புதுசாக இருந்தது. மாஸ்டர் பக்கத்துப் பெடலின் ரப்பர் வழுக்கைத் தலைபோல் பளபளத்தது. நடுவில் அவருடைய செருப்பு முனை குழி பறித்திருந்தது.

"ரெண்டையும் ஒரே நாள்லதான் போட்டேன். அவர் மிதிச்சா உன் பெடலும் சேர்ந்து இறங்கும். நீ ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுக்கறதுக்குள்ள அவர் மிதிக்கிறாரு. ஒரு கால் ஓட்டுது, ஒரு கால் நிறுத்துது. பேட் கருகாம என்ன செய்யும்?"

டெய்லரம்மா இரண்டு ரப்பரையும் மாறி மாறித் தடவினாள். அண்டாத் தண்ணீர் முழுக்க அவள் தலையில் கொட்டியது போலிருந்தது.

"ஒரு தடவைகூட நான் நிறுத்தலையா?"

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான்..." என்றார் மாஸ்டர்.

"திங்கட்கிழமை யார் மிதிச்சிருப்பா? டெஸ்ட் எடுக்கற ஆபீசரா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "ஒரு தடவை பெயில் ஆனா, நீயே வேண்டாம்னு விட்டுடுவேன்னு நெனச்சேன்."

பெயிலாவதற்கென்றே நாலு மாதம் பாராட்டியிருக்கிறார்! பாராட்டுக் கேட்டுப் பூரித்து அவள் தைத்துக்கொடுத்த சட்டைதான் அவர் உடம்பில்.

"இந்தச் சட்டை நல்லா இருக்குன்னு சொன்னதாவது நெசமா?"

"கை மட்டும் கொஞ்சம்..."

"பேசாதீங்க."

ஸ்பானரிடம் திரும்பினாள். "புது டிஸ்க், புது பேட் போடுடி. அந்த இன்னொரு பெடலக் கழட்டு. என் கண்ணு முன்னாடியே கழட்டு."

சாயங்காலம் கிளம்பினார்கள். முதல் சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் மாஸ்டரின் கால் வெறும் தரையைத் தொம் என்று மிதித்தது. டெய்லரம்மா அப்போதுதான் தன் பெடலை மிதித்தாள். அது கல்லாக எதிர்த்தது. எழுந்து நின்று மிதிக்காத குறை. கார் கோட்டைத் தாண்டிப் போய், விக்கி, நின்றது.

"பிரமாதம்" என்றார் மாஸ்டர். பழக்கதோஷம்.

அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினாள். "இறங்கி அளந்து சொல்லுங்க."

பின்னால் ஹாரன்கள் அலற, ஊருக்கே கற்றுக்கொடுத்த மாஸ்டர் நடுரோட்டில் குனிந்து அளந்தார். "இருபத்தாறு அங்குலம் தாண்டிருச்சு."

"முன்னால ஏறாதீங்க. பின்னாடி உக்காருங்க."

வீடுவரை பின் சீட்டில் அவர் கால் தரையை மிதிக்கும் ஓசையை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழு. அதில் இரண்டு தடவை அவர் மிதித்தது சரியான இடம்தான். அதை அவள் அவரிடம் சொல்லப் போவதில்லை.