பதினொரு ஸ்க்ரூ

நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டிய நீலச் சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பெண்ணைப் பொறியியலில் சேர்க்க வேண்டும், விமானவியலா மெக்கானிக்கலா என்று இன்று சாயங்காலத்துக்குள் படிவத்தில் குறித்தாக வேண்டும், அண்ணி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவோம் என்றாள். கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் அந்த வீட்டுப் போனுக்கு ஓய்வே கிடையாது. இரண்டு படிப்பும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிற வீடு சொந்தத்தில் வேறு இல்லை.

அவள் விமானவியல் படித்தவள். படித்து முடித்த வருடம் நாற்பது பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள். ஆள் எடுத்த விமான நிறுவனம் ஒன்றே ஒன்று, இடம் மூன்று. காற்றைப் பற்றிப் படித்தவர்கள் வேண்டும் என்று கேட்டு வந்தது ஒரு மின்விசிறித் தொழிற்சாலைதான். ஒரு வருடம் பார்க்கலாம் என்று போனவள், பதினெட்டு வருடமாக அங்கே இறக்கைகளை வளைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவர் மெக்கானிக்கல். பம்பு செய்தார், லிஃப்ட் பார்த்தார், ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற இடத்தில் நாலு வருடம் இருந்தார், ஒவ்வொரு தாவலுக்கும் சம்பளத்தை ஒரு படி ஏற்றிக்கொண்டு, கடைசியில் விமான என்ஜின்களைப் பழுதுபார்க்கிற பட்டறையில் போய் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். விமானம் படித்தவள் வீட்டு ஃபேன் செய்கிறாள், பம்பு செய்தவர் விமானத்தைத் தொட்டுப் பார்க்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு ராக்கெட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கூடவே சிரித்துவிடுவாள். சிரிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், அது யாருக்கும் தெரியாது.

இத்தனை வருடமாக யார் கேட்டாலும் மெக்கானிக்கலில் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். எந்தத் தொழிற்சாலைக்கும் அவர்கள் வேண்டும், ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவைத் தட்டலாம். யோசிக்காமலே சொல்கிற பதில் அது. ஆனால் இன்று, அதுவும் இந்த நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அது வாயில் வரவில்லை. மத்தியானம் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். விமானக் கருவிகள் செய்கிற நிறுவனம் ஒன்று இறக்கைப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தது. வயது வரம்பு நாற்பத்திரண்டு. அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்து பத்து மாதம். இதை விட்டால் அப்புறம் விமானத்தில் பயணியாகத்தான் ஏற முடியும்.

கணவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் இறங்கும்போது, பதறாமல் தெரிந்ததைச் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு என்றார். எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கேயே காத்திருப்பதாகச் சொன்னார். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வழுக்கைத் தலையோடு தலைமைப் பொறியாளர். அவருக்கு இடப்பக்கம் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பதுகூட இருக்காது. இறக்கைப் பிரிவுக்குத் தலைவியே அவள்தான். முதல் அரைமணி நேரம் தேர் மாதிரி கம்பீரமாக நகர்ந்தது. காற்றோட்டம், அழுத்தம், அதிர்வு, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தைப் புரட்டி வைத்தது வீண்போகவில்லை. அவளுக்கே தன் குரல் பிடித்துப்போயிற்று.

பிறகு தலைமைப் பொறியாளர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு உலோக மூடியை எடுத்து முன்னால் வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், விளிம்பைச் சுற்றிப் பதினொரு ஸ்க்ரூ. இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

மின்விசிறித் தொழிற்சாலையில் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். யார் எந்த உதிரிபாகத்தில் எவ்வளவு செலவைக் குறைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை கொண்டுவர வேண்டும். மோட்டார் மூடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றியதற்காக அவளுக்கு ஒரு வருடம் பாராட்டுப் பத்திரமும் ஒரு ஃபிளாஸ்க்கும் கிடைத்திருக்கின்றன. எண்ணூறு வியாழக்கிழமைகள் சும்மா விடுமா? மூடியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் வாய் தானாக ஓட ஆரம்பித்தது. இதில் நாலு ஸ்க்ரூ அநாவசியம், ஏழே போதும். தகட்டைக் கொஞ்சம் மெலிசாக்கலாம். இந்த ஓரத்தை உலோகத்தில் செய்யவே வேண்டியதில்லை, பிளாஸ்டிக் தாராளமாகத் தாங்கும். மாட்டுகிற நேரமும் பாதியாகக் குறையும். நாலு நிமிடம் விடாமல் பேசிவிட்டு, பெருமையாக நிமிர்ந்து பார்த்தாள்.

நிர்வாகத்து அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். இளம் தலைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"மேடம், அந்த நாலு ஸ்க்ரூ இல்லாத ஃபிளைட்ல நீங்க ஏறுவீங்களா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏற மாட்டேன் சார்," என்றாள். வேறு என்ன சொல்ல?

சரி, வெளியே இருங்கள் என்றார்கள். மூடியைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. மறுபடி ஒரு விரல் அளவு தூக்கி வைத்துப் பார்த்தாள். போகிற போக்கில் சொல்லிவிடலாம், இனிமேல் போவதற்கு மானமும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டு, இதில் எங்கேயோ விரிசல் இருக்கிறது, வைக்கும்போது சத்தம் செத்துப்போய் வருகிறது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. நாத்தனார் மகள், இந்தத் தடவை தானே பேசினாள். அம்மா பக்கத்தில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அத்தை, நிஜத்தைச் சொல்லுங்க. ஏரோ எடுத்தது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மூன்று தலைகளும் அந்த மூடிமேல் குனிந்திருந்தன. சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். வேலை கிடைப்பது கஷ்டம்தான், முதல் பத்து வருடம் மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத்தான் சம்பளம் கூட வரும், மாமாவையே பார் என்று அவளிடம் சொன்னாள். இந்த வாசல் வரைக்கும் வருவதற்குத் தனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது, வந்து நாலு நிமிடத்தில் கெடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னாள்.

"ஆனா தப்புன்னு நினைச்சதில்லடா. ஒரு நாள்கூட நினைச்சதில்ல. உன் அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லாம இருந்துட்டேன்," என்றாள். சொன்ன பிறகு கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, போனில் தெரியாது. எதைக் குறிப்பது என்று நீயே முடிவு பண்ணு, அம்மா சத்தம் போட்டால் என்னிடம் பேசச் சொல்லு என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எழுந்து போய்விடலாமா என்று யோசித்தாள். டீக்கடையில் கணவர் எத்தனாவது டீயில் இருக்கிறாரோ. பதினொன்றில் நாலைக் கழித்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார், அப்புறம் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்காட்டுவார். அதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கதவு திறந்து, இளம் தலைவி உள்ளே வரச் சொன்னாள்.

மூடியின் உட்புறம் ஒரு ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்தில் முடி போல ஒரு கோடு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கொடுத்தார்களாம். காலையிலிருந்து ஆறு பேர் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தும் யாருக்கும் தட்டுப்படவில்லையாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"என் வேலையே அதுதான் சார். ஃபேன் ஓடாட்டிகூட ஜனங்க பொறுத்துக்குவாங்க, சத்தம் போட்டா தூங்க விடாம போன் பண்ணுவாங்க," என்றாள் அவள்.

அவர் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயத்தை மழுப்பாமல் சொன்னார். இறக்கைப் பிரிவு இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறார்கள். ஸ்க்ரூவில் கை வைக்கிறவரை அங்கே விடத் தனக்குத் தைரியம் இல்லை. வேறொரு இடம் இருக்கிறது. சம்பளம் இப்போது அவள் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு, ஒரு வருடம் கழித்து உயர்த்தலாம். அவர் கண்ணைக் காட்ட, இளம் தலைவி பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன்.

விமானியின் முன்னால் இருக்கிற கருவிகள் சூடேறாமல் பார்த்துக்கொள்வதற்கு உள்ளே ஓடுவது என்றாள் இளம் தலைவி. ஓட ஓட ஒரு முனகல் வருகிறது, விமானிகள் புகார் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டு வருடமாக யாராலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. விமானம் கேட்டு வந்தவரிடம் ஃபேனை நீட்டுகிறோமே என்கிற சங்கடம்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ராக்கெட் கடைசியில் ஃபேன் செய்ய விமானத்துக்குப் போயிற்று என்று சொந்தத்தில் பேசப்போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"எப்ப சேர முடியும் மேடம்?" என்று நிர்வாகத்து அம்மாள் கேட்டதும், இளம் தலைவி ஃபேனின் ஒயரைச் சொருகி பட்டனைத் தட்டியதும் ஒரே நேரத்தில் நடந்தன.

இறக்கைகள் சுற்றிச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோயின. மெல்லிசாக ஒரு முனகல் எழுந்தது. நடுவில் எங்கேயோ, ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை, அது லேசாகத் தடுக்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, காதை அதன் அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். பேசாதீர்கள் என்று ஒரு விரல் தானாக மேலே எழுந்தது. நிர்வாகத்து அம்மாள் பேனாவை அந்தரத்தில் நிறுத்தினாள். தலைமைப் பொறியாளர் மூச்சை அடக்கிக்கொண்டு தன் வழுக்கைத் தலையை மெதுவாக மேஜைப் பக்கம் சாய்த்தார்.