செத்தவன் சொன்ன ‘தாவ்’

செத்து மூன்று நாளான ஒருவன், பெயர் கூப்பிட்டதும் பதில் சொன்னான். இந்தக் காதால் கேட்டேன். அவன் போட்ட சத்தத்தில் பிங்தோங் மாவட்டத்து மாமரங்கள் அத்தனையும் பூ உதிர்த்தன. நம்பாதவர்கள் எங்கள் முன்னாள் வீரர் இல்லத்துக்கு வந்து மரங்களையே கேட்கலாம்.

செத்தவன் என் நண்பன் சுய் பாவ்தியென். பதிவேட்டில் மட்டும் லியு ஹைகுய். நாற்பத்தொன்பதில் போரில் தோற்று நாங்கள் இந்தத் தீவுக்குக் கப்பலேறியதற்கு முந்தின நாள் அசல் லியு செத்துப்போனான். கணக்கில் ஒரு தலை குறைந்தால் படைக்கு வரும் அரிசி குறையும். வயலில் பிடித்து வந்த பாவ்தியெனைக் கப்பல் துறை வரிசையில் தள்ளி, “லியுன்னு கூப்பிட்டா ‘தாவ்’னு சொல்லுடா” என்றார் கேப்டன். தாவ் என்றால் ‘வந்திருக்கேன்’. ஒரே ஒரு தடவை சொன்னான். ஐம்பத்து நான்கு வருஷம் லியுவாகவே கிடந்தான்.

கல்லீரல் கெட்டுப் படுத்தவனுக்கு ஒரே ஆசை, அஸ்திக் கலசத்தில் சொந்தப் பெயர். “தங்கச்சி என்னிக்காவது தேடி வந்தா, சுய்ங்கிற பேரைத்தானேடா தேடுவா?”

வீரர் சேவை அலுவலகத்துப் பெண் ஹுவாங் தங்கமானவள். எங்கள் மாத்திரை முதல் பல்செட் வரை அவள் பொறுப்பு. “பாங் பெரியப்பா, அதே பட்டாளக் கம்பெனிக்காரங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அவர் உயிரோட இருக்கறப்பவே போடணும்” என்றாள்.

பத்தாயிரம் பேர் கொண்ட கம்பெனியில் (நூற்றிருபது என்பான் யென்) மிஞ்சியது நானும் அந்த யென்னும்தான்.

“பேரை மாத்துனாங்களாம்!” என்று சிரித்தான் யென், கையெழுத்துக் கேட்டதும். “அடுத்து, கடலை நடந்தே தாண்டினோம்பான் இவன்.”

“டேய், நீ அவனுக்குப் பக்கத்துலதானே நின்ன?”

“நான் எதையும் பாக்கல. உன் புளுகுக்கு நான் சாட்சியா?”

யென் என்ற பெயரும் இன்னொரு செத்தவனுடையதுதான். கிளறினால் இல்லத்துக் கட்டில் பறிபோகும் என்று பயம். “அப்படில்லாம் ஆகாது பெரியப்பா” என்று ஹுவாங் சத்தியம் செய்தாள். அவன் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டான். அதற்கப்புறம் அவனிடம் பேச முடியாது. நாற்பது நாள் பல்லை மாட்டவே இல்லை, கஞ்சிதான்.

வியாழக்கிழமை பாவ்தியென் போய்விட்டான். படிவத்தில் என் கையெழுத்து மட்டும். கலசத்தில் லியு ஹைகுய் என்று பொறித்துக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள், அஸ்தி வைக்கும் கூடத்தில் பதினோரு கிழவர்கள், ஒன்பது சக்கர நாற்காலிகள். கலசத்தை மாடத்துக்குள் வைக்கப் போனபோது நான் எழுந்து நின்று கத்தினேன்.

“சுய் பாவ்தியென்!”

“தாவ்!”

பின்வரிசையிலிருந்து, பல்லில்லாத வாயிலிருந்து வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கலசத்தை மாடத்துக்குள் வைத்துக் கதவை மூடினார்கள், லியுவாகவே.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில், செத்தவன் பதில் சொன்னதை எல்லோருக்கும் எடுத்துவிட்டேன். சிரித்தார்கள். வழக்கமாக முதலில் சிரிக்கும் யென், சோயாப்பால் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நடந்துச்சு” என்றான். “கப்பல் துறையிலயும் நடந்துச்சு. அவன் பக்கத்துல நான்தான் நின்னேன்.”