முப்பத்து நாலாவது பெட்டி

ஹாலம் கோட்டைக்குக் காவலாக ராணுவம் விட்டுவிட்டுப் போனது ஒரே ஓர் ஆளை. ஆயுதக் கிடங்கு சார்ஜெண்ட் கான்ராட் வைஸ், வயது ஐம்பத்தெட்டு. இரண்டு கம்பெனி சிப்பாய்கள் கொட்டமடித்த இடத்தில் மூன்று வருடமாக அவர் தனியாகக் காலையில் கொடி ஏற்றினார், மாலையில் இறக்கினார். சல்யூட் அடிப்பதும் அவர்தான், அது ஒழுங்காக இருந்ததா என்று பார்த்துக்கொள்வதும் அவர்தான். சில நாட்களில் தன் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அடுப்பைத் திட்டுவார்.

கோட்டை என்று பெயர்தான், சுற்றுமதில்கூடக் கிடையாது. வயோமிங் புல்வெளியில் நாலு பக்கமும் மண்கட்டி வீடுகள், நடுவே அணிவகுப்புத் திடல், அவ்வளவுதான். 1866-ல் கோச்சு வண்டிப் பாதைக்குக் காவலாகக் கட்டினார்கள். இரண்டே வருடத்தில் ரயில் அறுபது மைல் தெற்கே வந்துவிட்டது, வண்டிப் பாதையில் புல் முளைத்தது. காக்க வேண்டிய பாதையே இல்லாத கோட்டையில் அதற்குப் பிறகும் இருபது வருடம் குப்பை கொட்டினார்கள். யாருக்குப் பயந்து கட்டினார்களோ, அந்த செயன் பழங்குடி மக்களைத் தொலைதூரத்துக்கு விரட்டியாகிவிட்டது. அவர்கள் விட்டுப்போன கல்லறைகளுக்கு யாரும் பட்டியல் போடவில்லை.

மற்றபடி கோட்டையின் சரித்திரம் என்று ஒன்று இருந்தால் அது இடுகாட்டில்தான் இருந்தது. முப்பத்து நாலு சிப்பாய்கள். குண்டடிபட்டுச் செத்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்களைக் கொன்றது டைபாய்டு, ஈறு அழுகும் நோய், இடி, குதிரையின் உதை, மட்டமான விஸ்கி. முப்பத்தைந்தாவதாக ஒரு பெண். கம்பெனிக்குப் பன்னிரண்டு வருடம் துணி வெளுத்தவள், சார்ஜெண்டின் மனைவி ஹனோரா. அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதை அவள் எழுதிக் காட்டிய மாதிரியே கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வேலையாக அவளுடைய கல்லறைப் பலகையில் கான்ராட் பெயிண்ட் அடிப்பார்.

1891 மே மாதம் உத்தரவு வந்தது. கோட்டையை ஏலம் விடப் போகிறார்கள். சிப்பாய்களின் எலும்புகளைத் தோண்டி நெப்ராஸ்காவில் இருக்கும் ராணுவ இடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். கான்ராடுக்கு ஓய்வு. ஹனோராவையும் கொண்டுபோக வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டார். சிப்பாயின் மனைவிக்குச் சிப்பாயின் பக்கத்தில்தான் இடம் உண்டு, சிப்பாய் உயிரோடு இருப்பதால் விதி பொருந்தாது என்று பதில் வந்தது. செத்துத் தொலைந்திருந்தால் காரியம் நடந்திருக்கும்.

பத்து நாளில் ஒப்பந்தக்காரர் டெல்மர் ப்ரைஸ் நாலு ஆட்களோடும் முப்பத்து நாலு பெட்டிகளோடும் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் காலை, எஸ்ரா குவில்டர் என்ற சிப்பாயின் சவப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஓட்ஸ் மூட்டை.

கான்ராட் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பெட்டிக்கு ஆணி அடித்ததே அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு பனிப்புயலில் குவில்டர் கம்பி நீட்டிவிட்டான். அந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே ஒன்பது பேர் ஓடியிருந்தார்கள். பத்தாவது பெயரை மேலிடத்துக்கு எழுத கேப்டனுக்கு மானம் போயிற்று. ஆள் விறைத்துச் செத்துவிட்டான் என்று எழுதி, மூட்டையைப் புதைத்து, மூன்று முறை துப்பாக்கி வெடித்து மரியாதையும் செய்தார்கள். ஹனோரா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டாள். பாவம் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். குவில்டரை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

ப்ரைஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பட்டியலில் முப்பத்து நாலு இருக்கிறது, முப்பத்து மூன்றைக் கொண்டுபோனால் விசாரணை வரும் என்றார். பிறகு ஓரத்தில் இருந்த சாய்வெழுத்துப் பலகையைப் பார்த்தார்.

"அது யாரு, சார்ஜெண்ட்?"

"என் சம்சாரம்."

ப்ரைஸ் குவில்டருக்கென்று கொண்டுவந்த பெட்டியை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார். ஆட்களைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு அவரும் போனார்.

கான்ராட் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இங்கேயே விட்டால் அவள் பெயர் இருக்கும். எத்தனை நாளைக்கு? ஏலம் எடுக்கிறவனுடைய மாடுகள் முதுகு சொறிய வந்தால் பலகை ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. அனுப்பினால் வெள்ளைக்கல், வெட்டிய புல், சுற்றிலும் அவள் துணி வெளுத்துப் போட்ட ஆட்கள். ஆனால் கல்லில் அந்த ஓடுகாலியின் பெயர், காலம் உள்ள வரைக்கும்.

ஆட்கள் திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"அவளை அந்தப் பெட்டியில வைங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கல்லுல பேரு மாறிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"போனாப் போகுது ஐயா. இந்த இடத்துல தனியா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். அவளுக்கு அது வேண்டாம்."

மறுநாள் வண்டிகள் போய்விட்டன. சந்தேகம் வரக்கூடாது என்று ஹனோராவின் குழியை மூடி, பலகையைத் திரும்ப நட்டிருந்தார்கள். ஏலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இத்தனை வருடம் தனியாக இருப்பதாகப் புலம்பியதெல்லாம் சும்மா என்று கான்ராடுக்கு அப்போதுதான் புரிந்தது. அடுப்பைத் திட்டக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற சிப்பாய்களின் விடுதியில் சேரும் நாளில் ஒரு குமாஸ்தா படிவத்தை நிரப்பினார். மணமானவரா என்று கேட்டார். மனைவி இறந்து ஒன்பது வருடம், ஹாலம் கோட்டையில் புதைத்திருக்கிறது என்றார் கான்ராட். அவருக்கு எங்கே அடக்கம் வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

"நெப்ராஸ்கா ராணுவ இடுகாட்டுல. சிப்பாய் எஸ்ரா குவில்டருக்குப் பக்கத்துல."

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். வயதில் சின்னவர், புதிதாகக் கல்யாணமானவர்.

"உங்க சம்சாரம் அங்க அத்துவானத்துல கிடக்கறாங்க. நீங்க சிநேகிதன் பக்கத்துல படுக்கணுமா?"

கான்ராட் தொப்பியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. குவில்டர் பக்கத்துலதான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கிழவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.