சீக்கிரம் காயும் திரவம்

சீனாவுக்கு எதிரே கடலுக்கு இப்பால் உள்ள தீவில், தாவ்யுவான் நகரத்தில், மடிக்கணினிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லியாவ் யூ-சின் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். திரை துடைக்கும் வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டாயிரத்து எட்டில், கைப்பைக்குள் அடங்கும் குட்டி மடிக்கணினிகள் வந்தன. விலை மலிவு. உலகமே அடித்துப் பிடித்து வாங்கியது. நாளுக்கு எண்ணூறு திரை துடைத்தவர்கள் இரண்டாயிரம் துடைக்க வேண்டியதாயிற்று.

அதுவரை துடைக்கப் பயன்படுத்திய ஸ்பிரிட் காய நேரமாகிறதென்று வேறொரு திரவத்தைக் கொண்டுவந்தார்கள். துடைத்த கையோடு காய்ந்தது. தூசி வரக்கூடாதென்று சன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தலை கனத்தது.

மூன்றாம் மாதம் ஒருநாள், சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த, அதே வரிசையில் துடைக்கும் பாவ்-ஜூவின் கையிலிருந்து சாப்பிடும் குச்சிகள் நழுவின. எடுத்தாள், மறுபடி நழுவின.

"என்னடி, சோறு பிடிக்கலையா, என் மூஞ்சி பிடிக்கலையா?" என்றாள் யூ-சின்.

பாவ்-ஜூ சிரிக்கவில்லை. "விரல் இருக்கறதே தெரியலக்கா. காலையில ஒத்தச் செருப்போட பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருக்கேன். பழகிடும் பழகிடும்னு சொன்னியே, எப்பக்கா பழகும்?"

அடுத்த வாரம் பாவ்-ஜூ மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். பிறகு எழுந்து நடக்கவில்லை. வரிசையில் இன்னும் நான்கு பேருக்குக் கால் தள்ளாடியது. மேலாளர் சுவாங், யூ-சின்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கையுறை கொடுக்கப்பட்டது, மின்விசிறிகள் ஓடின என்று அதில் எழுதியிருந்தது. இரண்டும் பொய்.

"கையெழுத்துப் போடும்மா. ஆர்டர் கைவிட்டுப் போனா இருநூறு பேர் தெருவுல நிப்பாங்க. பாவ்-ஜூ எப்பவுமே நோஞ்சான்தானே?"

"நோஞ்சானா? புத்தாண்டுக்குக் கொடுத்த அரிசி மூட்டைய ஒத்தத் தோள்ல தூக்கிட்டுப் போனவ சார் அவ."

"அப்போ போட மாட்டே?"

"மாட்டேன் சார்."

வெளியே வந்தபோது அவளுக்குக் கால் நடுங்கியது. பயத்தினாலா, அந்தத் திரவத்தினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றே ஒரு தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்து, நேரே தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சோதனையில் அது நரம்பைத் தின்னும் சரக்கு என்று தெரிந்தது. தொழிற்சாலை அபராதம் கட்டியது. மருத்துவச் செலவையும் ஏற்றது. ஆறே மாதத்தில் அந்த வரிசை முழுவதையும் கழற்றிக் கடல் தாண்டிச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே திரை துடைக்கும் பெண்களுக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தாள். யாரும் சொல்லவில்லை.

சந்தையில், வரிசையோடு வேலை போன பழைய தோழி ஒருத்தி அவளைக் கண்டதும், "வந்துட்டாடி, நம்ம சோத்துல மண்ணப் போட்ட மகராசி," என்று காதில் விழும்படியே சொன்னாள். யூ-சின் வாங்கிய கீரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பாவ்-ஜூவுக்குக் கை மேலே எழும்புவதில்லை. ஞாயிறுதோறும் யூ-சின் போய் அவளுக்குத் தலை அலசிவிடுகிறாள். வெந்நீரின் சூட்டை முழங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறாள்; விரல் நுனிகளை அவளாலும் நம்ப முடிவதில்லை. அதை இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.