அழகமுத்துக் கங்காணி வீட்டுக்குக் கவ்வாத்து வெட்டியது

கடைசிக் கிளையையும் ஒரே வீச்சில் இறக்கிவிட்டு, அழகமுத்துக் கங்காணி பத்தடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மட்டமென்றால் மட்டம், அப்படியொரு மட்டம். ரோசா, மல்லிகை, செவ்வரத்தை, குரோட்டன், சுவரோரம் நின்ற ஆரஞ்சுத் தோடை மரம் எல்லாம் இருபது அங்குலத்தில் ஒரே உயரமாக நின்றன. மேலே ஒரு முட்டையை வைத்துத் தள்ளிவிட்டால் றக்வான பஸ் நிலையம் வரைக்கும் உடையாமல் உருண்டுபோகும். மலையில் அவர் நாற்பது வருடம் கவ்வாத்துக் கங்காணியாக இருந்தவர். வயதேறிய தேயிலையை முழங்காலளவுக்கு வெட்டி மொட்டையாக்கி, மறுபடி துளிர்க்க வைக்கும் அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கத்தியை உறையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டாலே ஒன்பதாம் நம்பர் மலை தானாகக் குனிந்துகொள்ளும் என்று சொல்வார்கள். சொன்னவர் பெரும்பாலும் அவரேதான்.

மனைவி கருப்பாயி அதற்கு முந்தின நாள்தான் கலவானைக்கு பஸ் ஏறியிருந்தாள். மகள் விஜயகலாவுக்குத் தலைப்பிரசவம். தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் காம்பிராவில் முப்பத்தெட்டு வருடம் பால்மா டின்னில் செடி வளர்த்தவள் கருப்பாயி. பென்சன் காசில் டவுனோரமாக எட்டுப் பேர்ச் காணியும் சின்ன வீடும் வாங்கிய பிறகுதான், வேரை அதன் இஷ்டத்துக்கு விட அவளுக்கென்று ஒரு மண் கிடைத்தது. அந்தத் தோடையும் டின்னில் முளைத்ததுதான். ‘அவள் திரும்பி வருவதற்குள் செடியெல்லாம் புதுசாகத் துளிர்த்து நிற்க வேண்டும், பார்த்து அசந்து போக வேண்டும்’ என்பது கங்காணியின் திட்டம். வெட்டி முடித்த கையோடு, தேயிலைக்குப் போடும் உரத்தில் ஆளுக்கொரு சிரட்டையும் போட்டார்.

பத்தாம் நாள் இரண்டு சேதிகள் சேர்ந்து வந்தன. ஒன்று, பேத்தி பிறந்திருக்கிறாள். மற்றது, குரோட்டன் கருகிவிட்டது. செவ்வரத்தையின் தண்டு விறகு போலக் காய்ந்திருந்தது. தேயிலை இந்நேரம் கண் விழித்திருக்கும். இவை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பக்கத்திலிருந்த முக்தார் நானாவின் பலசரக்குக் கடைக்குக் கருப்பாயி டெலிபோன் எடுப்பாள். பிள்ளையின் நிறம், மூக்கு, அழுகை எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு செடிகளை ஒவ்வொன்றாகச் சுகம் விசாரிப்பாள்.

“என்னாங்க, மல்லிகை எப்படி இருக்கு?”

“அது ஏறுற ஏத்தத்துக்கு, கரண்ட் போஸ்டுக்காரன் வந்து சண்டை புடிச்சிட்டுப் போறான்.”

“ரோசா?”

“மொட்டு எண்ண முடியல. எண்ணி எண்ணி எனக்கு வெரல் வீங்கிப்போச்சு.”

“அப்ப நல்லது. முப்பத்தோராம் நாள் புள்ளைய அங்க கொண்டாந்துதான் பேர் வைக்கிறோம். தொட்டில நம்ம வீட்டுப் பூவுலதான் கட்டணும். கடைப் பூ ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஏழு மாசமாவே நேந்துக்கிட்டு இருக்கேன்.”

ரிசீவரை வைத்தபோது கங்காணியின் காது சுட்டது. சீனி நிறுத்துக்கொண்டிருந்த முக்தார் நானா தலையைத் தூக்காமலே கேட்டார்.

“கங்காணி, ஒங்கட வீட்டுப் பக்கமாத்தான் நானும் தொழப் பள்ளிக்குப் போறது. அங்க மொட்டும் இல்ல, ஒண்டும் இல்ல. ஆர மொட்டையடிச்சீங்க?”

“துளிர்க்கும் நானா.”

“துளிர்க்காது. மேர்சின்டு ஒரு பொம்புள ஈக்கிறா. டொக்டர் வீட்டுத் தோட்டம், பேங்க் மனேஜர் வீட்டுத் தோட்டம் எல்லாம் அவதான். தொர பங்களாவுல பதினெட்டு வருஷம் ஈந்தவ. வரச் சொல்லட்டா?”

தோட்டக்காரியைக் கூலிக்குப் பிடிப்பதா? அறுநூறு ஏக்கருக்குக் கவ்வாத்துப் போட்டவர், எட்டுப் பேர்ச்சுக்கு ஆள் தேடுவதா? அன்று முழுவதும் கங்காணி வீட்டைச் சுற்றி நடந்தார். அவர் நடந்த நடையில் மதிலோரம் ஒரு வாய்க்காலே விழுந்தது. சாயங்காலம் கடைக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, “வரச் சொல்லுங்க” என்றார்.

மேர்சி ஒரு உரப்பையோடு வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் சிலுவை, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து. பைக்குள் கத்தரிகள், சின்ன வாள், கயிறு, ஒரு போத்தலில் ஏதோ கறுப்புக் குழம்பு. படலையைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஜெபம் சொல்கிறாளோ என்று கங்காணி பயந்தார்.

“இது யார் செஞ்ச வேல?”

“ஒரு… ஆளு.”

“அந்த ஆளு இப்ப எங்க நிக்கிறாரு?”

“ஒன் முன்னாலதான் புள்ள.”

மேர்சி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் ஒவ்வொரு செடியின் முன்னும் குந்தி, மண்ணைக் கிள்ளி முகர்ந்து, நக்கிக்கூடப் பார்த்தாள்.

“கங்காணியாரே, தேயிலைய வெட்டினாக்கூட மூச்சு விட ஒரு கிளைய விட்டுத்தான வெட்டுவீங்க. இதுகளுக்கு ஏன் விடல?”

நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியைத் தன் ஆட்களிடம் அவர் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றது இதுதான் முதல் தடவை.

“மட்டம் நல்லா வந்துச்சு,” என்றார்.

“வந்துச்சு. கெரம் போர்டு மாதிரி இருக்கு.” அவள் எழுந்து கையைத் தட்டினாள். “சொல்றேன் கேளுங்க. குரோட்டன் போச்சு. செவ்வரத்தைல ஒண்ணு பொழைக்கும். ரோசாவும் மல்லிகையும் வெட்டினாத்தான் பூக்குற சாதி, ஒங்க நல்ல காலம். உரத்த மொதல்ல கழுவி எடுக்கணும். தோடை உசுரோட இருக்கு, ஆனா காய் பாக்க மூணு நாலு வருஷம் ஆகும். இனி எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன். ரெண்டு விஷயம் மட்டும். கத்திய எங்கிட்ட குடுத்துறணும். நானா எல்லாம் சொன்னாரு, ஒங்க வீட்டு அக்காகிட்ட உள்ளதச் சொல்லிறணும். நான் செடிக்குத்தான் வைத்தியம் பாப்பேன், பொய்க்குப் பாக்க மாட்டேன்.”

கத்தியைக் கொடுத்தபோது கல்யாணம் முடிந்து மகளை அனுப்பிய நாள் போல இருந்தது. ஆனால் அவள் அதைப் பைக்குள் போட்டுக் கட்டியதும் அவருடைய தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அதை என்னவென்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் அவர்தான் பொறுப்பு. மழை பெய்தால் அவர் பொறுப்பு, பெய்யாவிட்டாலும் அவர் பொறுப்பு. இப்போது மேர்சி மண்ணைத் தளர்த்தித் தண்ணீர் விட்டு உரத்தைக் கரைத்தாள். கூரைத் தண்ணீர் ரோசாவின் வேரில் விழுவதை வந்த அன்றே கண்டுபிடித்துத் திருப்பிவிட்டாள். வெட்டுக்காயங்களுக்குக் கறுப்புக் குழம்பைப் பூசினாள். மதியம் பன்னிரண்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவரின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, “போய் உக்காருங்க” என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் முதுகுவலி காணாமல் போனது. மூன்றாம் வாரம், உட்கார்ந்தபடியே தூங்கலாம் என்ற உண்மையைக் கண்டுபிடித்தார். அவர் விட்ட குறட்டையில் முக்தார் நானாவின் கடைப் போத்தல்கள் ஆடியதாகச் சாட்சி உண்டு.

இரண்டாவது நிபந்தனைதான் பாக்கி நின்றது. இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டார். மூன்றாவது ஞாயிறு, கருப்பாயி மல்லிகையைக் கேட்பதற்கு முன்பே கண்ணை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

“இந்தா, நான் எல்லாத்தையும் வெட்டிட்டேன். கவ்வாத்து.”

கலவானையில் பெய்யும் மழை மட்டும் கேட்டது.

“எல்லாத்தையுமா?”

“ஆமா.”

“தோடையையுமா?”

“அதையுந்தான். இருவது அங்குலம்.”

மறுபடி மழை. முக்தார் நானா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். பிள்ளை ஒரு முறை அழுது ஓய்ந்தது. பிறகு கருப்பாயியின் குரல் வந்தது. கோபம் இருந்த இடம் தெரிந்தது, ஆனால் கோபம் அங்கே இல்லை.

“இப்ப யாரு பாக்குறா?”

“பங்களாவுல இருந்துச்சே, மேர்சின்னு.”

“ஆரஞ்சு ரோசா வளத்துச்சே, அதா? கத்தி யார்ட்ட இருக்கு?”

“அதுகிட்டதான். குடுத்துட்டேன்.”

கருப்பாயி விட்ட மூச்சு கம்பி வழியாகவே அவர் காதுக்குள் காற்றாக வந்தது. “அத மொதல்ல சொல்லியிருக்கலாம்ல. அப்ப வாறோம்.”

முப்பத்தோராம் நாள் காலை தொட்டிலில் கட்டியவை ஒன்பது ரோசாக்கள், இரண்டு முழம் மல்லிகை. கருப்பாயி தன் கையாலேயே பறித்தாள். மூன்றாம் முழத்துக்கு மொட்டு போதவில்லை. மேர்சி மதிலோரம் தானாக முளைத்த துளசியைக் கிள்ளி நடுநடுவே வைத்துக் கட்டினாள். அதைப் பார்த்துக் கருப்பாயி, “இதுவும் நம்ம வீட்டுதுதான்” என்றாள். பேத்திக்கு மூன்று முறை பேர் சொன்னார்கள். அவள் மூன்று முறையும் தூங்கினாள்.

விருந்தாட்கள் போன பிறகு கங்காணி குசினியில் தேத்தண்ணி ஊற்றினார். யாரும் சொல்லவில்லை, தானாகவே ஊற்றினார். மூன்று கோப்பைகளைத் தட்டில் வைத்துப் பின்கதவுக்கு வந்தபோது, கருப்பாயியும் மேர்சியும் குரோட்டன் நின்ற வெறும் மண்ணில் எதிரெதிராகக் குந்தியிருந்தார்கள். மேர்சி ஈர்க்கால் ஈர மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். கருப்பாயி அதை உள்ளங்கையால் அழித்து, வளைவாக இன்னொன்று கிழித்தாள். “இங்க வெயில் எப்ப வரைக்கும் நிக்கும்?” என்று கேட்டாள். மேர்சி சூரியனைக் காட்டி ஏதோ சொல்ல, இருவரும் தோள் இடிக்கச் சிரித்தார்கள். என்ன நடப்போகிறார்கள் என்று கங்காணிக்குத் தெரியவில்லை. தட்டைப் பிடித்தபடி படியில் நின்றார். மூன்று கோப்பையிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பட்டும் என்று, கூப்பிடாமல் நின்றார்.