சின்னவரின் சனிக்கிழமைக் குளியல்

அரியணை என்பது மரமும் தோலும் அல்ல. ஆண்டவன் தன் விரலால் தொட்டுக் காட்டிய இடம். அதில் யார் அமர வேண்டும் என்பதை வானம் தீர்மானிக்கிறது, பூமி தலை வணங்குகிறது. மன்னர் சிகேரிக்கை அடக்கம் செய்த அன்று எங்கள் ஆயர் ஹெர்மண்ட் இப்படித்தான் பிரசங்கம் செய்தார். அவர் பேசிக்கொண்டிருந்த அதே வேளையில், மண்டபத்தில் அந்த அரியணையின் மேல் ஒரு சாம்பல்நிறப் பூனை குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

பூனையை யாரும் விரட்டவில்லை. ஈர மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பூனையைத் தூக்கக் குனிகிறவன் அப்படியே உட்கார்ந்துவிடுவானோ என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம்.

மெர்ஷாம் பெரிய நாடு இல்லை. நாணலும் விலாங்கு மீனும் நீங்கலாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்தாலும் அரசு அரசுதானே. மன்னருக்குப் பிள்ளை கிடையாது. ஆள ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மன்னரின் கூடப்பிறந்த தம்பி ஆல்டிரெட். கலப்பில்லாத சாக்சன் ரத்தம், நாற்பது வயது, தலை பாதி வழுக்கை, ஆனாலும் ஊருக்கு அவர் ‘சின்னவர்’தான். இன்னொருவன் டோக்கி. கடலுக்கு அப்பால் ஒரு டேனிஷ் அரசனின் இளைய மகன். சண்டை ஓய்ந்த வருடம் சமாதானத்துக்குப் பிணையாக இங்கே அனுப்பப்பட்ட பையன். மன்னர் அவனைச் சபையறிய மடியில் உட்கார வைத்து வளர்ப்பு மகனாக ஏற்றுக்கொண்டார். அவன் வளர்ந்து ஆளாகி, கிழக்கே குடியேறியிருந்த டேனிஷ்காரர்களுக்கெல்லாம் தலைவன்போல் ஆகிவிட்டான்.

மடியில் உட்கார்த்திய அன்றே சின்னவருக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. “அண்ணன் என்னை ஒரு நாளாவது மடியில வச்சிருக்காரா?” என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அப்போது அவருக்குத் தாடி முளைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவர் டோக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காதலித்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். டோக்கியின் குதிரைக்கு எத்தனை பிடி வாற்கோதுமை போகிறது, அவன் ஜோக்கடித்தால் எந்தெந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள், அவன் உட்காரும் பலகை தன் பலகையைவிட ஒரு விரல்கடை உயரமா, இல்லை அவன் முதுகு நேராக இருப்பதால் அப்படித் தெரிகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது அந்தத் தலைமுடி. டோக்கி மான்கொம்புச் சீப்பால் தினமும் தலை வாரினான். சனிக்கிழமைதோறும் ஆற்றோரக் கொட்டகையில் மரத்தொட்டியை நிரப்பி, அடுப்பில் சுட்ட கற்களைப் போட்டு நீரைக் கொதிக்கவைத்துக் குளித்தான். டேனிஷ்காரர்கள் எல்லோருக்கும் அது வழக்கம். சனிக்கிழமை மாலையில் எங்கள் பெண்களுக்கெல்லாம் ஆற்றோரமாக ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

“பாத்தியாடா டுட்டா,” என்றார் சின்னவர் ஒரு நாள், தன் ஆளிடம். டுட்டா அவருக்கு ஆடை எடுத்துக் கொடுப்பவன், படகும் ஓட்டுவான். “மறுபடியும் வார்றான்.”

“வாரட்டும் சின்னவரே. முடி இருக்குறவன் வார்றான்.”

“என்ன சொன்ன?”

“காத்து அடிக்குதுன்னு சொன்னேன்.”

மன்னர் இறந்த பிறகு இந்தப் பார்வை வெறும் பார்வையாக இருக்க முடியவில்லை. ஏனென்றால் இப்போது பங்குக்கு வந்திருப்பது அரியணை. மெர்ஷாமில் அரசனைத் தேர்ந்தெடுப்பது மூத்தோர் சபை என்று ஒரு பேச்சு. நடப்பது வேறு. முப்பதாம் நாள் நினைவு விருந்தில் விதவையான அரசி தேன்மது நிரம்பிய கொம்பை ஏந்தி வருவார். முதலில் யார் கையில் கொடுக்கிறாரோ அவர் பெயரைச் சபை, தானே யோசித்துக் கண்டுபிடித்ததைப்போல முழங்கும். கொம்பை வாங்கியவர் சும்மா குடித்துவிடவும் முடியாது. குடிக்குமுன் எல்லோரும் கேட்க ஒரு சத்தியம் செய்ய வேண்டும். கொம்புக்கு அடி தட்டையாக இருக்காது, கீழே வைக்க வழியில்லை. வாங்கினால் சத்தியம், சத்தியம் சொன்னால் குடி, குடித்தால் நிறைவேற்று. இதில் எங்கள் பக்கத்துக்கும் டேனிஷ் பக்கத்துக்கும் சண்டையே வந்ததில்லை.

ஆக, எல்லாம் அரசி மில்த்ரித் கையில் இருந்தது. அவர் அதிகம் பேசாதவர்.

சின்னவர் முதலில் ஆயரிடம் போனார்.

“சாமி, சனிக்கிழமை குளிக்கிறது அஞ்ஞானிகள் பழக்கம்தானே?”

“எழுத்தில் எங்கேயும் இல்லையே, தம்பி.”

“எழுதலேன்னா என்ன, நீங்க சொல்லக்கூடாதா? சபைக்கு முன்னால சொல்லுங்க. உடம்பத் தேய்க்கிறவன் ஆத்துமாவத் தேய்க்க மாட்டான், அப்படி ஏதாவது.”

ஆயருக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே மையமாக வைத்து நீண்ட நேரம் பேசினார். கோயிலில் எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள், சொறிந்துகொண்டே. பிரசங்கம் முடிந்ததும் ஆயர் வெளியே வந்து டோக்கியைத் தனியே அழைத்ததைக் கதவருகே காவல் நின்ற நான் பார்த்தேன்.

“மனசுல வச்சுக்காதப்பா. நான் பொதுவாச் சொன்னேன். ஆமா, இந்தப் பேனுக்கு நீங்க என்ன போடுறீங்க?”

“சாம்பல் கரைச்ச தண்ணி, சாமி. கண்ணுல படாம பாத்துக்குங்க.”

சின்னவர் இதையும் பார்த்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

தடுக்க முடியாததைத் தானும் செய்துவிடுவது என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான். நினைவு விருந்து ஒரு சனிக்கிழமையில் வந்தது. டோக்கி குளித்துச் சீவி ஒளிவிட்டுக்கொண்டு நிற்பான். அண்ணி கொம்போடு வருவார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பார். அந்தக் காட்சி சின்னவரின் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே ஆயரிடம் ஒரு காரியமும் சாதித்துக்கொண்டார். கோயிலில் இருந்த புனிதரின் தாடை எலும்பை, வெள்ளிப் பேழையோடு, விருந்து மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னார்.

“எதுக்கு அது?” என்றார் ஆயர்.

“அந்த டேனிஷ்காரன் என்ன சத்தியம் பண்ணாலும் பொறவு வாய் மாறக்கூடாது பாருங்க. கொம்பு அவன் சாமிக்கு, எலும்பு நம்ம சாமிக்கு. ரெண்டு பக்கமும் பூட்டு.”

சனிக்கிழமை வந்தது. அன்று காலையே துறையில் ஒரு டேனிஷ் கப்பல் கட்டியிருந்தது. அது ஏன் வந்தது என்று கேட்கச் சின்னவருக்கு நேரமில்லை. மது காய்ச்சும் கொட்டகையில் பெரிய பீப்பாய் ஒன்றைக் காலி செய்து, சுட்ட கற்களைப் போட்டு, அதற்குள் அவர் இறங்கியிருந்தார். முழு உடம்பும் நனைந்தது இதற்கு முன் ஞானஸ்நானத்தின்போதுதான். அப்போதும் அலறியதாகக் கேள்வி.

“கொல்லுறியாடா! கொதிக்குது!”

“டோக்கி இதுக்கு மேல சூட்டுல உக்காருவாராம் சின்னவரே.”

“அப்படியா? இன்னொரு கல்லு போடு.”

டுட்டா போட்டான். சாம்பல் நீரைத் தலையில் ஊற்றினான். சின்னவர் எரிச்சலில் நெளிந்தார்.

“அங்க என்னடா சத்தம்? ஆரம்பிச்சிட்டாங்களா?”

“இல்ல, பன்னி அறுக்குறாங்க.”

அது பன்றி அல்ல, ஊதுகொம்பு. மண்டபத்தில் எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள். சின்னவரின் இடம் காலியாக இருந்தது. அரசி மில்த்ரித் அதைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

“கொழுந்தனார் எங்க?”

“குளிக்கிறாருங்க.”

அரசி என்னை ஒரு முறை பார்த்தார். நான் விளையாடவில்லை என்று புரிந்துகொண்டார்.

“பாவம். நல்லாக் குளிக்கட்டும். இன்னும் ரெண்டு குடம் வெந்நி கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லு.”

பிறகு கொம்பை நிரப்பி, நேராக டோக்கியிடம் போனார். டோக்கி எழுந்து கொம்பை வாங்கினான். அவன் கண் சிவந்திருந்தது. காலையில் வந்த கப்பல் கொண்டுவந்த செய்தி அதுதான்: அவனுடைய அண்ணன் கடலில் மூழ்கிப்போனான், கிழட்டுத் தகப்பனுக்கு மிஞ்சியது இவன் ஒருவன், அங்கே ஒரு நாடு, மெர்ஷாமைப்போல் பத்து மடங்கு, இவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

“இந்த வீடு என்னை வளத்துச்சு,” என்றான் டோக்கி. “நாளைக்கு விடியல் அலையோட நான் கிளம்புறேன். இனிமே மெர்ஷாம் மண்ணுல கால் வைக்க மாட்டேன். இந்த அரியணையை நானும் கேக்க மாட்டேன், என் பிள்ளைங்களும் கேக்க மாட்டாங்க. இது சத்தியம்.”

சாக்சன்காரர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள், அவ்வளவு மகிழ்ச்சி. டேனிஷ்காரர்களும் தட்டினார்கள்; அவ்வளவு பெருமை. சத்தம் கொட்டகை வரைக்கும் போனது. ஒரு வேலையும் செய்யாமல் சின்னவர் சும்மா நடந்து வந்திருந்தால், அடுத்த கொம்பு அவருக்குத்தான். வேறு ஆள் கிடையாது.

அவர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார். விருந்துக்கு எடுத்து வைத்த சிவப்பு மேலங்கி உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் வெந்த இறால் மாதிரி. தலையில் மிச்சமிருந்த முடி சாம்பல் நீரில் வெளுத்து, வெள்ளாட்டுக் குட்டியின் வால்போல் நின்றது. கதவில் நான் “சின்னவரே, ஒரு நிமிஷம்” என்றேன். என்னைத் தள்ளிவிட்டார். அவர் கண்ணில் பட்டது மூன்றுதான்: அண்ணி, கொம்பு, கொம்பு இருக்கும் கை.

“அண்ணி! நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா உங்களுக்கு?”

“வாங்க கொழுந்தனாரே. உக்காருங்க மொதல்ல.”

“உக்கார்றதா? அவன் நிக்கிறான், நான் உக்காரணுமா?”

ஆயர் எழுந்து, “தம்பி, என்ன நடந்துச்சுன்னா...” என்று தொடங்கினார்.

“எல்லாம் எனக்குத் தெரியும் சாமி! இவன் சின்ன வயசுலேருந்து பாக்குறேன்!”

டோக்கி இன்னும் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. சின்னவர் பாய்ந்து கொம்பை அவன் கையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கி உயரத் தூக்கினார். தேன்மது பாதி அவர் கையில் வழிந்தது.

“கேளுங்கய்யா எல்லாரும்! இவன் இந்தக் கொம்பு மேல என்ன சத்தியம் பண்ணியிருந்தாலும் சரி, அதையே நானும் பண்றேன்! ஒரு சொல்லு குறையாது! அது மட்டுமில்ல, இவனுக்கு முந்தி நான் நிறைவேத்திக் காட்டுவேன்! கீழ இருக்குற எலும்பு சாட்சி!”

ஒரே மூச்சில் குடித்தார். ஏப்பம் விட்டார். ஆரவாரத்துக்காகக் காத்திருந்தார்.

மண்டபத்தில் ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. கடைசியில் டோக்கிதான் தணிந்த குரலில் அவருக்குச் சொன்னான், என்ன சத்தியம் அது என்று. சொல்லிவிட்டு, “என்ன சித்தப்பா, கேட்டுட்டுப் பண்ணியிருக்கக்கூடாதா?” என்றான். அதில் கேலி இல்லை. அதனால்தான் கேட்கச் சகிக்கவில்லை.

சின்னவர் ஆயரைப் பார்த்தார். “சாமி... இது செல்லாதுதானே?”

“கொம்பு மட்டும்னா ஏதாவது வழி பாக்கலாம்,” என்றார் ஆயர், மேசைக்கு அடியில் கண்ணை ஓட்டி. “எலும்பு இருக்கேப்பா.”

சபையின் மூத்தவர்கள் தலையைத் தலையோடு வைத்துப் பேசினார்கள். சத்தியம் தெளிவாக இருக்கிறது. மெர்ஷாம் மண்ணை விட்டுப் போக வேண்டும், அரியணையைக் கேட்கக்கூடாது, டோக்கி விடியலில் போகிறான் என்றால் இவர் அதற்கு முன்னால். அப்படியானால் யார் அரசன்? யாரும் இல்லை. தகுந்த ஆள் கிடைக்கும்வரை அரசியே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னார். அரசி மறுக்கவில்லை. இன்னும் அரியணையை விட்டு நகராத பூனையையும் குட்டிகளையும் இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் விட்டுவிட்டு அதில் அமர்ந்தார். ஆள் தேடும் வேலை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

வெளிச்சம் மங்குமுன் டுட்டா சின்னவரைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனான். நாட்டின் எல்லை அந்த ஆறுதான். ஒரு அரச வம்சத்தின் நாடு கடத்தல், வழியில் விலாங்கு பிடிக்கப் போட்டிருந்த கூடை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும் நேரத்தையும் சேர்த்து, அரை நாழிகையில் முடிந்தது. அக்கரை டேனிஷ் விவசாயி ஒருவனின் ஆட்டுப்பட்டியில் சின்னவர் குந்தியிருந்தார். விருந்தின் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. வறுத்த பன்றியின் வாசனையும் வந்தது. அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

“டுட்டா, திரும்பப் போறியா?”

“போகணும் சின்னவரே. உங்க துணிமணி எடுத்து வரணுமே.”

“அப்படியே ஒண்ணு விசாரிச்சிட்டு வா. பன்னியில அவனுக்கு எந்தத் துண்டு வச்சாங்க? தொடையா, விலாவா?”

டுட்டா போனான், வந்தான். மூட்டையை இறக்கி வைத்தான்.

“என்னடா, தொடையா?”

“ஒண்ணும் வைக்கல சின்னவரே. அவருக்குக் கடைவாய்ப் பல்லுல ரெண்டு நாளா வலியாம். வாற்கோதுமைக் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. உங்களுக்கு நான் தொடைக்கறி கட்டிக்கிட்டு வந்திருக்கேன், இந்தாங்க.”

சின்னவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தனக்கும் கஞ்சிதான் வேண்டும் என்றார்.