சாப்பாட்டு அறையை எடுத்துக்கொண்ட டாக்டர்

தோல் புற்றுநோய்க்கான அந்தச் சிறிய அறுவை சிகிச்சை மையத்தில் அவள் சேர்ந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. வயது முப்பத்து நான்கு. அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் கிடையாது. அம்மா அண்ணன் குடும்பத்தோடு வெகுதூரத்தில் இருந்தாள். வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரர்கள் பேசுவது தரை வழியாகக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

வேலை இப்படி. மூக்கிலோ காதிலோ இமையிலோ புற்று வந்தவருக்கு அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, மெல்லிய வட்டமாகச் சதையை வெட்டி எடுப்பாள். காயத்துக்குக் கட்டுப் போட்டு அவரைத் தனி அறையில் உட்காரவைத்துவிட்டு, வெட்டியதைப் பக்கத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே உதவியாளர் ஒருவர் அதை உறையவைத்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்துக் கொடுப்பார். உறையவைக்கும் பெட்டியே கதி என்று கிடந்ததால் அவருக்கு ஐஸ்பெட்டி என்றே பேர் ஆகிவிட்டது. அவள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். ஓரத்தில் புற்று மிச்சம் இருந்தால் அங்கே மட்டும் இன்னொரு சுற்று வெட்ட வேண்டும். சுத்தமாக இருந்தால் தையல் போடலாம். சிலருக்கு ஒரே சுற்றில் முடிந்துவிடும். சிலருக்குப் பொழுதே சாய்ந்துவிடும்.

இவர்களோடு தலைமை நர்ஸ். டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. மதியம் மூன்று பேரும் ஆய்வகத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டு அறையில் கூடுவார்கள். பெரிய ஜன்னல் வைத்த, வெளிச்சமான அறை.

"என்னடி இது, குருவிக்குப் போடற மாதிரி கொண்டு வந்திருக்கே?" என்று அக்கா அவள் டப்பாவை எட்டிப் பார்ப்பார். "நீயே எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு, ஊர்த் தோலை எல்லாம் வெட்டறே!" என்று தன் டப்பாவிலிருந்து அள்ளி வைப்பார். ஐஸ்பெட்டி நிர்வாக அதிகாரியைப் போல மூக்கால் பேசிக் காட்டுவார். அவளுடைய நாளில் மனுஷக் குரல் நிறைந்திருந்தது அந்த நேரத்தில்தான்.

அந்த வருடம் மருத்துவர் சங்கம் அவளைத் தலைமைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. தொழிலுக்குப் புதிதாக வந்த சில தோல் புற்று அறுவை மருத்துவர்களுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியைக் கொடுப்பார்கள். வருடம் முடிவதற்குள் தன் வேலையிடத்தில் ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டும்.

செய்தியைக் கேட்ட அம்மா போனில் சிரித்தாள். "தலைவியாகறதுக்குக் கூடவா ஒரு வருஷம் படிக்கணும்? உங்க அண்ணி ஒரு கிளாசுக்கும் போகல, இந்த வீட்டையே ஆட்டிவைக்கறா."

அவளுடைய வழிகாட்டி வேறொரு நகரத்தில், பெரிய மருத்துவமனை ஒன்றின் துறைத் தலைவி. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாதம் ஒரு தடவை திரையில் வருவார். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "செய். ஆனா அதை எல்லாரும் செய்யறாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தார். மூக்கு நுனியில் புற்று. இரண்டாவது சுற்று வெட்டியும் ஒரு ஓரம் தீரவில்லை. அதைச் சொல்லலாம் என்று அவள் கதவைத் திறந்தபோது அவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கட்டு பாதி பிரிந்து கன்னத்தில் தொங்கியது. உதட்டுவரை ரத்தம். போன் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"என்ன பண்றீங்க!"

"திட்டாதீங்க டாக்டர். எவ்வளவு போச்சுன்னு தெரியல. தொட்டா பெரிய பள்ளமா இருக்கு. கூட யாராச்சும் இருந்தா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டிருப்பேன். யாரும் இல்ல. அதான் நானே பாத்துக்கிட்டேன்."

அவள் அவரை உட்காரவைத்து ரத்தத்தை ஒற்றி எடுத்தாள்.

"கிரேன்ல நாள் பூரா ஒத்தையாதான் உக்காந்திருப்பேன்" என்றார். "அது எனக்குப் பழக்கம். ஆனா அங்கிருந்து கீழ பாத்தா ஆளுங்க தெரிவாங்க. இங்க நாலு சுவருதான்."

அவள் மறுபடி கட்டுப் போட்டாள். வெட்டுப்பட்ட முகத்தை மற்றவர்கள் பார்க்க வேண்டாமே என்றுதான் அந்தத் தனியறைகள். தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. அன்று எல்லோரும் போனபின் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

வழிகாட்டியிடம் சொன்னபோது முதல் முறையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை எடு. எல்லாரையும் சேத்து உக்கார வைக்கற மாதிரி இடம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றாள் அவள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தாள். நாற்காலிகள் எங்கே, போர்வைகள் எங்கே, தண்ணீர் எங்கே என்று எல்லாம் வரைந்திருந்தாள். நிர்வாகத்திடம் ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. உற்சாகமாக விளக்கி முடித்தாள்.

ஐஸ்பெட்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம இந்த ரூம்தானே? அப்ப நாம எங்க சாப்பிடறது?"

"உடுப்பு மாத்தற ரூம்ல ஒரு மேஜை போட்டுக்கலாம். ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். மாத்தி மாத்திச் சாப்பிட்டுக்கலாமே."

அக்கா டப்பாவை மூடினார். "நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களே டாக்டர். செஞ்சிடலாம்."

நீங்க என்ற சொல் அவள் காதில் விழுந்தது. ஏதோ கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அறை தயாரானது. முதல் நாட்களில் நோயாளிகள் பஸ்ஸில் வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அவள் சோர்ந்துபோயிருந்த ஒரு காலையில், ஆய்வகத்தில் இருந்தவளுக்குக் கதவு வழியே ஒரு லாரி டிரைவரின் குரல் கேட்டது.

"பாதிக் காதை எடுத்துட்டாங்க. இனிமே வீட்ல திட்டறதுல பாதிதான் நமக்கு வந்து சேரும்."

"எந்தப் பக்கத்துக் காதுங்க?" இமையில் கட்டுப் போட்டிருந்த தையல்கார அம்மாவின் குரல் அது. "வீட்டம்மா படுக்கற பக்கமா பாத்து எடுக்கச் சொல்லியிருக்கணும் நீங்க."

"சிரிக்க வைக்காதீங்க" என்று உதட்டில் வெட்டுப்பட்ட ஒருவர் குழறினார். "கட்டு அவுந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தகட்டை வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போய் அவர்கள் நடுவே கொஞ்சம் உட்கார வேண்டும் போல இருந்தது. கதவைத் திறந்தாள்.

கட்டுப்போட்ட முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. தையல்கார அம்மா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குங்க டாக்டர் இன்னும் வெட்டணும்?" என்றார் லாரி டிரைவர்.

"யாருக்கும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

ஒருவரும் நம்பவில்லை. அவள் கையில் தாள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தாள். கதவு மூடியபின்னும் வெகுநேரம் உள்ளே பேச்சு எழவில்லை. அதற்குப்பின் சொல்வதற்கு ஆய்வு முடிவு இல்லாமல் அந்த அறைக்குள் அவள் போனதில்லை.

மதியச் சாப்பாடு ஆளுக்கொரு மூலையாகிப் போனது. அக்கா சீக்கிரமே சாப்பிட்டுவிடுவார். ஐஸ்பெட்டி பெட்டிப் பக்கத்திலேயே நின்றபடி எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். அவள் மைக்ராஸ்கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் டப்பாவைத் திறப்பாள். கேட்டதற்கு இருவரும் முகம் கோணாமல் பதில் சொல்வார்கள், கேட்காமல் ஒரு வார்த்தை வராது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசலாம்.

வழிகாட்டியிடம் இதைச் சொன்னாள்.

"எல்லாருக்கும் நல்லபிள்ளையா இருக்கணும்னா நீ இந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது" என்றார் அவர். "மாத்தம்னு ஒண்ணு வந்தா நாலு பேர் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாங்க. போகப் போகச் சரியாகும்."

"உங்களுக்குச் சரியாச்சா?"

வழிகாட்டி மேஜைமேல் எதையோ தேடினார். "அடுத்த மாசத்துக்குள்ள நோயாளிங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுத் தொகுத்து வை" என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டார்.

போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை, அறுவைகள் சீக்கிரம் முடிந்த சாயங்காலம், தன் சொந்த அறையைக் காலி பண்ண ஆரம்பித்தாள். புத்தகங்களை ஆய்வக மூலைக்குச் சுமந்தாள். மேஜையை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"இது இனிமே உங்க சாப்பாட்டு ரூம். எனக்கு மைக்ராஸ்கோப் மேஜை போதும்."

அக்கா மேஜையின் மறுமுனையைப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். மூச்சு வாங்கியது.

"அக்கா, என்மேல கோவமா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. அந்த ரூம்ல அவங்க எப்படி இருக்காங்கன்னு நானும் பாக்கறேன்ல. நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க."

"அப்புறம் எதுக்கு என்னை வாங்க போங்கன்னு..."

அக்கா மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டார். "அன்னிக்கு நீங்க எங்களைக் கேக்கல. சொன்னீங்க. கேட்டிருந்தா குடுத்திருப்போம். முணுமுணுத்துக்கிட்டாவது குடுத்திருப்போம்."

"தப்புதான்."

"தப்புன்னு சொல்ல வரல. நாளைக்கும் எதையாவது சொல்லத்தான் போறீங்க. சொல்லித்தான் ஆகணும், உங்க வேலை அது. நேத்துவரைக்கும் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தீங்க. இப்ப நாங்க எங்க உக்காரணும், எங்க சாப்பிடணும் எல்லாம் உங்க கையில. உங்களை எப்படி வாடின்னு கூப்பிடறது? நானும் கூப்பிட்டுப் பாத்தேன், மனசுக்குள்ள. வாய் வரல."

அதில் கொஞ்சமும் கோபம் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அந்த அறையில் சாப்பாடு தொடங்கியது. அவளையும் கூப்பிட்டார்கள். போனாள். ஐஸ்பெட்டி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா தன் டப்பாவிலிருந்து அள்ளி வைக்காமல், வேண்டுமா என்று கேட்டார். நிர்வாக அதிகாரியைப் பற்றி ஐஸ்பெட்டி ஏதோ ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசினார். வேலை இருக்கிறது என்று அவள் சீக்கிரமே எழுந்துகொண்டாள். நடைபாதைத் திருப்பத்தை எட்டும்போது, பின்னால் மூக்கால் பேசும் அந்தக் குரலும் அக்காவின் சிரிப்பும் கேட்டன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போவது, சீக்கிரம் எழுந்துவிடுவது என்று வழக்கமாக்கிக்கொண்டாள். அவர்கள் சிரிப்பதற்கும் நேரம் வேண்டுமே.

வருட முடிவில் சங்கக் கூட்டம். அவள் மேடையேறிப் பேசினாள். கூடி உட்காரும் நோயாளிகளுக்குப் பயம் குறைகிறது, கட்டைப் பிரித்துப் பார்ப்பவர்கள் இல்லவே இல்லை என்று சொன்னபோது அரங்கு கவனமாகக் கேட்டது. இரண்டு மையங்கள் தாங்களும் இப்படிச் செய்யப்போவதாகச் சொல்லின. கடைசி வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

"உங்க ஊழியர்கள் இதுக்கு எப்படிச் சம்மதிச்சாங்க?"

"நான் அவங்களைக் கேக்கல" என்றாள். "கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். நீங்க கேட்டுட்டுச் செய்யுங்க."

கைதட்டல் முடிந்தபின், கூட்டத்தை விட்டு விலகி மாடிப்படியில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தாள். வழிகாட்டியும் ஒரு கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"நல்லா பேசினே. அன்னிக்கு என்னை ஒண்ணு கேட்டியே, உங்களுக்குச் சரியாச்சான்னு."

"நீங்க பதில் சொல்லல."

"சரியாகல. மதிக்கறாங்க. பிறந்தநாளுக்குப் பூங்கொத்து குடுக்கறாங்க. ஆனா நான் புதுசா சேந்தப்ப எனக்கு ஒரு பட்டப்பேர் இருந்துச்சு. இப்ப அதைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்ல."

"என்ன பேரு?"

வழிகாட்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "தவளை. மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறுவேன்."

இருவரும் காப்பி சிந்தச் சிரித்தார்கள். கீழே போய்க்கொண்டிருந்த ஒரு மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார், பார்த்தவர் துறைத் தலைவியை அடையாளம் கண்டு வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்தார். வழிகாட்டியின் சிரிப்பு நின்றுபோனது.

"பயிற்சி முடிஞ்சுது" என்றார். "இனிமே மாசாமாசம் பேசணும்னு ஒண்ணும் இல்ல." கோப்பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "பேசலாமா?"

"பேசலாம்" என்றாள் அவள்.

அடுத்த மாதம் அதே நேரத்துக்கு அவள் ஆய்வக மூலையில் திரையைத் திறந்தாள். வழிகாட்டி தன் அறையில், ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றார்.

"சொல்ல ஒண்ணும் இல்ல."

"எனக்கும் இல்ல."

ஊசி துணிக்குள் போய்ப் போய் வந்தது. இவள் பக்கம் ஐஸ்பெட்டி வீட்டுக்குக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நூலை இழுத்து முடிச்சுப் போட்ட வழிகாட்டி, இன்னொரு பொத்தானை எடுத்தார். அவள் நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.